தளம் இழுக்கிறதா? அக்சஸ் லாக்கில் நேரத்தைப் பதியுங்கள்

என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வழக்கமாக எழுதும் அக்சஸ் லாக்கில், அதாவது வந்த கோரிக்கைகளின் பதிவுக் கோப்பில், பதில் தர எவ்வளவு நேரம் பிடித்தது என்பது இருக்காது. அதற்கு இரண்டு மாறிகளைச் சேர்க்க வேண்டும். ரிக்வெஸ்ட்_டைம் என்பது பயனரின் முதல் பைட் வந்ததிலிருந்து கடைசி பைட்டை அனுப்பி லாக் எழுதும் வரை ஆன நேரம். அப்ஸ்ட்ரீம்_ரெஸ்பான்ஸ்_டைம் என்பது பின்னால் ஓடும் பிஎச்பி அல்லது நோட் நிரல் எடுத்துக்கொண்ட நேரம். இரண்டும் வினாடிக் கணக்கு, மூன்று தசம இடங்களோடு. தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், முன்னால் டாலர் குறி.

1. என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பின் எச்டிடிபி பிளாக்கில் புதிய லாக்_ஃபார்மேட் எழுதுங்கள். சர்வர் பிளாக்குக்குள் வைத்தால் பிழை வரும். கம்பைண்ட் என்ற பெயர் ஏற்கெனவே இருப்பதால் வேறு பெயர் வையுங்கள். பழைய புலங்களை அப்படியே விட்டு, அப்ஸ்ட்ரீம் நேரத்தை மேற்கோள் குறிக்குள் சேர்த்து, ரிக்வெஸ்ட்_டைமைக் கடைசியில் வையுங்கள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: ஒரு சர்வர் கைவிட்டு அடுத்ததை நாடினால் அப்ஸ்ட்ரீம் புலத்தில் காற்புள்ளியோடு இரண்டு எண்கள் வரும், நடுவில் இடைவெளியும் விழும். ரிக்வெஸ்ட்_டைம் கடைசியில் இருந்தால் அதன் இடம் குழம்பாது.

2. அக்சஸ்_லாக் வரியில் கோப்பின் பாதைக்குப் பின் அந்தப் பெயரைக் கொடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். சர்வர் பிளாக்கில் தனி அக்சஸ்_லாக் இருந்தால் மேலே எழுதியது அங்கே செல்லாது. மாற்ற வேண்டியது அதைத்தான்.

3. என்ஜின்எக்ஸை டி (-t) ஆப்ஷனோடு ஓட்டிச் சோதித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் தேவையில்லை.

4. ஆக் (awk) கட்டளையால் கடைசிப் புலத்தையும் யூஆர்எல்லையும் எடுத்து, சார்ட் (sort) கட்டளையில் எண்ணாக இறங்குவரிசைப்படுத்தி முதல் 20 வரிகளைப் பாருங்கள்.

இனி அந்த வரிகளை லாக்கில் தேடி, இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ரிக்வெஸ்ட்_டைம் 8.2, அப்ஸ்ட்ரீம் 8.1 என்றால் கோளாறு அப்ளிகேஷனில் அல்லது டேட்டாபேஸில். ரிக்வெஸ்ட்_டைம் 8.2, அப்ஸ்ட்ரீம் 0.09 என்றால் உங்கள் கோட் மேல் பழி இல்லை: பயனரின் இணைப்பு மெதுவானது, அல்லது பெரிய கோப்பு ஏறியது, இறங்கியது. அப்ஸ்ட்ரீம் இடத்தில் வெறும் கோடு இருந்தால் பதில் டிஸ்கிலிருந்தோ கேஷிலிருந்தோ போயிருக்கிறது. 504 நிலையோடு 60 வினாடியை ஒட்டிய எண்கள் குவிந்தால், அது பின்னாலிருந்து பதில் வரக் காத்திருக்கும் பிராக்சி_ரீட்_டைம்அவுட்டின் இயல்பு வரம்பு. 499 என்றால் பயனரே பொறுமையிழந்து போய்விட்டார். வெப்சாக்கெட் வரிகளைக் கழித்துவிடுங்கள். அங்கே பதிவாவது இணைப்பு திறந்திருந்த நேரம்.

சராசரியை நம்ப வேண்டாம். ஆயிரம் படக்கோப்புகளின் 0.001 வினாடி, ஒரு மோசமான பக்கத்தை மறைத்துவிடும்.

அப்பாச்சி வெப் சர்வரில் லாக்ஃபார்மேட் வரியில் சதவீதக் குறியும் பெரிய டி (D) எழுத்தும் சேர்த்தால் போதும். அது மைக்ரோ வினாடி. 1500000 என்பது ஒன்றரை வினாடிதான்.