சத்தம் கூடியது, நேரம் குறையவில்லை: டிராக் ரேஸுக்கு ஏர் இன்டேக் மாற்றுபவர்கள் செய்யும் தவறுகள்

நின்ற இடத்திலிருந்து 402 மீட்டரை நேர்கோட்டில் ஓடும் டிராக் ரேஸ் (drag race) நடக்கும் நாளில், ஸ்டார்ட் லைனுக்குப் போகும் வரிசையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பாதி வண்டிகளுக்கு பானட் திறந்திருக்கும். உள்ளே சிவப்பாகக் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர், அதிலிருந்து பளபளவென்று ஓர் அலுமினியக் குழாய். இன்ஜினுக்குக் காற்று போகும் இந்த வழிதான் ஏர் இன்டேக். டயரையும் கிளட்சையும் இன்னும் தொடாதவர்கூட முதலில் கைவைப்பது இதில்தான். காரணம் லேசானது. ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு மணி நேரமும் போதும். மாட்டியவுடனே வித்தியாசம் காதில் கேட்கும். காதில் கேட்டது 402 மீட்டர் முடிவில் நேரமும் வேகமும் அச்சடித்துத் தரும் சீட்டில் வருகிறதா என்றால், பெரும்பாலும் வருவதில்லை. சிலருக்கு இருந்ததும் போய்விடுகிறது.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 2000களின் தொடக்கத்தில் வந்த 1.5 லிட்டர் ஹோண்டா சிட்டி விடெக், 106 குதிரைசக்தி. கம்பெனி ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர் பாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கூம்பு வடிவ கோன் ஃபில்டர் மாட்டி மூன்று ஓட்டம் ஓடினேன். மத்தியானம் தூசி அதிகமாகக் கிளம்பியதால், பயந்துபோய்ப் பழைய பெட்டியையே திரும்ப மாட்டி நாலாவது ஓட்டம். கடைசிக் கோட்டைத் தாண்டும்போது வேகம் முந்தைய மூன்றையும்விட 2 கிலோமீட்டர் அதிகம். வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் கருவி) இல்லாத இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுவது வெளியே இருக்கும் காற்றழுத்தம் மட்டுமே. கடல்மட்டத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல். எந்தக் குழாயை மாட்டினாலும் அந்த 101, 105 ஆகாது. வழியில் எவ்வளவு வீணாகிறதோ அதைக் குறைக்கலாம், அவ்வளவுதான். அப்படியானால் முதலில் கேட்க வேண்டியது என் வண்டியில் எவ்வளவு வீணாகிறது என்பது. இதை யாரும் கேட்பதில்லை.

அளக்காமல் வாங்குவது

இதை அளக்க ஆயிரக்கணக்கில் செலவு வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்களே, அந்த பிளாஸ்டிக் டியூப் போதும். ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் பாடிக்குச் சற்று முன்னால் இன்டேக் குழாயில் சிறு துளை போட்டு நிப்பிள் வைத்து, டியூபின் ஒரு முனையை அதில் இணையுங்கள். டியூபை வண்டிக்குள் கொண்டுவந்து ஒரு பலகையில் 'யு' வடிவில் கட்டி, கொஞ்சம் சாயம் கலந்த தண்ணீர் விடுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். டிராக்கிலோ டைனோவிலோ (வண்டியை உருளைமேல் ஓட்டி சக்தியை அளக்கும் மேடை) முழு ஆக்சிலேட்டர் கொடுத்து மேல் ஆர்பிஎம்முக்குப் போகும்போது இரண்டு பக்கத் தண்ணீருக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்க வேண்டும். டியூபின் கால்கள் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. தண்ணீரைக் குறைவாக விடுங்கள், இல்லாவிட்டால் இன்ஜின் அதைக் குடித்துவிடும்.

10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல், அதாவது காற்றழுத்தத்தில் ஒரு சதவீதம். 25 சென்டிமீட்டர் வருகிறதா? உலகத்திலேயே சிறந்த இன்டேக்கை மாட்டினாலும் அந்த வழியில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது இரண்டரை சதவீதம். நூறு குதிரைசக்தியில் இரண்டரை. ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டு ஒரு தடவை, பெட்டியின் மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு ஒரு தடவை என்று அளந்தால் அடைப்பு எங்கே என்பதும் தெரிந்துவிடும். நிறைய வண்டிகளில் குற்றவாளி, மாதக்கணக்கில் தட்டாத பேப்பர் ஃபில்டர்தான். புது ஃபில்டர் போட்டால் கதை முடிந்தது.

ஃபெண்டருக்குள் ஒரு வெற்றுப் பெட்டி இருக்கும், ரெசனேட்டர் என்பார்கள். அடைப்பு என்று நினைத்து அதைப் பிடுங்கி எறிவது ஒரு வழக்கம். காற்று அதற்குள் புகுந்து போவதே இல்லை. சத்தத்தை அடக்குவதற்காகப் பக்கத்தில் தொங்கும் பெட்டி அது. எடுத்தால் உறுமல் கூடும்.

சூட்டை மறப்பது

என் சிட்டிக்கு நேர்ந்தது இதுதான், இன்றுவரை அதிகமாகப் பார்க்கும் தவறும் இதுதான். கம்பெனிப் பெட்டி அசிங்கமாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலான கார்களில் அதன் மூக்கு கிரில்லுக்குப் பின்னாலோ ஃபெண்டருக்குள்ளோ நீட்டி, வெளிக்காற்றை எடுக்கிறது. அதைத் தூக்கிவிட்டு ரேடியேட்டருக்குப் பின்னால், எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் ஒரு கூம்பை வைத்தால், அது இன்ஜின் அறையின் அடுப்புக் காற்றைக் குடிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியே 35 டிகிரி, பானட்டுக்குள் 65 டிகிரி. ஒரே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. சூடான சுவர்களையும் வால்வுகளையும் தொட்டுக் காற்று எப்படியும் உள்ளே சூடாகத்தான் போகிறது என்பதால் அத்தனையும் குதிரைசக்தியில் குறையாது, பாதியாவது குறையும். கோன் ஃபில்டர் கொடுத்த இரண்டு சதவீதத்தை வாங்கிக்கொண்டு நாலரையைத் திருப்பிக் கொடுத்த கணக்கு. இது போதாதென்று, காற்று சூடாக இருப்பதைச் சென்சார் சொன்னவுடன் நாக்கிங் (பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானே வெடிப்பது) வராமலிருக்க இசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) பல வண்டிகளில் தீப்பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் பின்னால் தள்ளும்.

சாதாரணச் சாலையில் ஓடும்போது கிரில் வழியே காற்று வந்து பானட்டுக்குள் சூடு கொஞ்சம் தணியும். டிராக் ரேஸில் அந்த வசதி இல்லை. வெயிலில் வரிசை, அப்புறம் டயரைச் சூடாக்க நின்ற இடத்திலேயே சுழற்றும் பர்ன் அவுட், அப்புறம் விளக்குக்கு முன்னால் காத்திருப்பு. ஓட வேண்டிய நொடியில்தான் பானட்டுக்குள் சூடு உச்சத்தில் இருக்கும். நிறுத்திவைத்த இன்ஜினும் உடனே குளிராது; தண்ணீரும் காற்றும் ஓடுவது நின்றவுடன் சூடு மேலே ஏறத்தான் செய்யும். அதனால் வரிசையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதும், பானட்டைத் திறந்துவைப்பதும் வீண் வேலையல்ல.

இசியுவின் எண்களை மொபைலுக்கு அனுப்பும் ஒரு ஓபிடி டாங்கிளை மாட்டி, மொபைலில் இன்டேக் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். கிளம்பும்போது எவ்வளவு, கோட்டைத் தாண்டும்போது எவ்வளவு என்று எழுதுங்கள். சென்சாரே சூடேறியிருந்தால் முதல் எண் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். இரண்டாவது எண் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். வெளிக்காற்றைவிட அது 15, 20 டிகிரி அதிகமென்றால் குழாயின் அளவைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு, காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூம்பைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி, பானட்டோடு ஒட்டி மூடும் ரப்பர் பட்டை, வெளியிலிருந்து ஒரு டக்ட். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் பட்டறையில் முடிகிற வேலை.

சிலர் குறுக்குவழியாக, காற்று சென்சாருக்கு பதிலாக ஒரு ரெசிஸ்டரை வைத்துக் 'காற்று குளிர்ச்சியாக இருக்கிறது' என்று இசியுவை நம்பவைக்கிறார்கள். காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை ஐஸில் வைத்துப் பார்ப்பது போன்ற வேலை அது. டைமிங் முன்னால் வரும், நாக்கிங்கும் வரும், பிஸ்டன் போகும்.

குழாய் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று சண்டை போடுவார்கள். 1.5 லிட்டர் இன்ஜின் 6,500 ஆர்பிஎம்மில் நொடிக்குச் சுமார் 80 லிட்டர் காற்றை இழுக்கும். 70 மில்லிமீட்டர் குழாயில் அது நொடிக்கு 21 மீட்டர் வேகம். ஒரு மீட்டர் குழாயைக் காற்று கடக்க ஆகும் நேரம் நொடியில் இருபதில் ஒரு பங்கு. அதற்குள் எவ்வளவு சூடாகிவிடும்? உள்ளே நுழையும் காற்று எப்படிப்பட்டது என்பதுதான் பெரிய விஷயம். குழாயின் உலோகம் சின்ன விஷயம்.

பெரிய குழாய், ஏமாந்த சென்சார்

இந்தத் தவறுதான் இன்ஜினைக் கொல்வது. காரில் காற்றை அளக்க இரண்டு முறைகள் உண்டு. பழைய ஹோண்டாக்களைப் போல, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுவது ஒன்று. குழாயிலேயே சூடான கம்பியை வைத்து, காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. இதுதான் மாஃப் சென்சார். உங்கள் வண்டியில் எது என்று தெரியாமல் குழாயில் கைவைக்காதீர்கள்.

மாஃப் சென்சாரின் கணக்கு அது உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டத்துக்காக எழுதப்பட்டது. 60 மில்லிமீட்டர் குழாயிலிருந்து கழற்றி 75 மில்லிமீட்டர் குழாயில் வைத்தால், பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடுகிறது. அதே அளவு காற்று மெதுவாகக் கடக்கும். கம்பி அதைக் குறைந்த காற்று என்று சொல்லும். இசியு பெட்ரோலைக் குறைக்கும்.

இதில் ஒரு சூது இருக்கிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜன் சென்சார் இந்தத் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். வண்டி அருமையாக ஓடும், மைலேஜ்கூடக் குறையாது. முழு ஆக்சிலேட்டரில் பல வண்டிகள் அந்தச் சென்சார் சொல்வதைக் கேட்பதில்லை. மாஃப் சொல்வதை நம்பி ஓடுகின்றன. முழுச் சுமையில் பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு பன்னிரண்டரை, பதின்மூன்று பங்கு காற்று என்ற கொழுத்த கலவை வேண்டும். கிடைப்பதோ மெலிந்த கலவை. ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய வண்டி, ரேஸ் அன்று நாலாவது கியரில் பிஸ்டன் ஓரம் உருகி நிற்பது இப்படித்தான். குழாயை மாற்றினால், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் வைத்து டியூன் செய்தே ஆக வேண்டும். அதற்குக் காசில்லை என்றால் மாஃப் இருக்கும் துண்டை மட்டுமாவது பழையபடி விடுங்கள். வளைவு முடிந்த உடனே அதை வைக்காதீர்கள். முன்னால் கொஞ்சம் நேர்க்குழாய் வேண்டும். எண்ணெய் பூசிய காட்டன் ஃபில்டரைக் கழுவிவிட்டு தலைக்கு எண்ணெய் வைப்பது போல ஊற்றுபவர்கள் உண்டு. மிஞ்சிய எண்ணெய் அந்தக் கம்பியில் போய்ப் படியும்.

டர்போ வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு டர்போவுக்கு முன்னால் இருக்கும் அடைப்பு உண்மையிலேயே முக்கியம், ஏனென்றால் அங்கே இழப்பதை டர்போ பெருக்கிவிடும். இரண்டு மடங்கு அழுத்தத்தில் ஓடினால் முன்னால் 3 கிலோபாஸ்கல் இழப்பு பின்னால் 6 ஆகிறது. ஆனால் 'புஸ்ஸ்' சத்தத்துக்காக, ஆக்சிலேட்டரை விடும்போது மிஞ்சும் அழுத்தத்தை வெளியேற்றும் புளோ ஆஃப் வால்வை வெளியே திறந்துவிடாதீர்கள். மாஃப் ஏற்கெனவே எண்ணிவிட்ட காற்று அது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் பெட்ரோல் மிஞ்சி வண்டி ஒரு கணம் திணறும்.

சில்லறைத் தவறுகள்

ஃபில்டரே இல்லாமல் ஓடுவது. பத்துப் பதினைந்து நொடிதானே என்பார்கள். முன்னால் பர்ன் அவுட் செய்த வண்டியின் ரப்பர் துணுக்கும் மணலும் உங்கள் சிலிண்டருக்குத்தான் போகும்.

இன்ஜினின் அடிப்பகுதியில் (கிராங்க் கேஸ்) சேரும் புகையை இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிரீதர் ஹோஸை மாட்ட இடமில்லை என்று தொங்கவிடுவது அல்லது அடைத்துவிடுவது. தொங்கவிட்டால் பல வண்டிகளில் அளக்காத காற்று உள்ளே வரும். அடைத்தால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியே எண்ணெய் கசியும்.

சுருள்கம்பி வைத்த மெல்லிய ஹோஸ், கடையில் கிடைத்த ஹோஸ் கிளிப். முழு உறிஞ்சலில் மெல்லிய ஹோஸ் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தியவுடன் பழையபடி விரிந்துவிடும் என்பதால் என்ன நடந்தது என்றே தெரியாது.

பானட்டில் மூக்கு வைத்தால் காற்று அழுத்தி உள்ளே போகும் என்ற நம்பிக்கை. 130 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் முழுதும் கிடைத்தாலும் 0.8 கிலோபாஸ்கல்தான், அதுவும் கடைசிக் கோட்டருகில். அமெரிக்க டிராக் ரேஸின் புரோ ஸ்டாக் பிரிவில் பானட் மூக்கு பல வருஷம் அடையாளமாகவே இருந்தது. 2016-ல் ஃபியூயல் இன்ஜெக்ஷன் கட்டாயமானபோது அதை எடுத்துவிட்டார்கள். அந்த வண்டிகள் ஓடுவது 300 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல். நம் வண்டிக்கு அந்த மூக்கின் பயன் குளிர்ந்த காற்று, அவ்வளவே.

மழை

குளிர்ந்த காற்று வேண்டுமென்று குழாயை பம்பருக்குக் கீழே வரை இறக்குபவர்களுக்கு இது. 1.5 லிட்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 375 சிசி. கம்ப்ரெஷன் 10 (கலவையைப் பத்தில் ஒரு பங்காக நெருக்குவது) என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 42 சிசி. ஃபில்டர் காப்பி டம்ளரில் பாதிகூட இல்லை. அந்த அளவு தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வர முடியாது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளையும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் கம்பெனிக் குழாய் இருந்த வண்டிகளே இப்படிப் போயின. டிராக்கில் வெயில் அடித்திருக்கும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் சப்வேயில் தண்ணீர் நிற்கும். கீழே இறக்கிய குழாயை ரேஸ் முடிந்தவுடன் கழற்றிவிட்டு, பழைய பெட்டியை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி இந்த நஷ்டத்தைப் பொதுவாக ஏற்காது. இன்ஜின் புரொடெக்ஷன் தனியாக எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தாலும், மாற்றிய இன்டேக்கைப் பார்த்தால் சர்வேயர் கேள்வி கேட்பார்.

எதை வைத்து முடிவு செய்வது

மொத்த நேரத்தை மட்டும் பார்த்து இன்டேக்கைப் பாராட்டாதீர்கள். கிளட்சை விட்ட விதம், டயர் சுழன்றது எல்லாம் அதில் கலந்திருக்கிறது. சீட்டில் முதல் 60 அடி நேரம் தனியாக இருக்கும்; அது பிடிமானத்தின் கதை. இன்ஜினின் பலம் தெரிவது கடைசிக் கோட்டு வேகத்தில். அந்த வேகம் குதிரைசக்தியின் கனமூலத்தை ஒட்டி மாறும் என்பதால், மூன்று சதவீதம் சக்தி கூடினால் வேகம் ஒரு சதவீதம்தான் கூடும்: 130 என்பது 131 சொச்சம். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை ஒரே ஓட்டத்தில் பிடிக்க முடியாது. மத்தியானம் இரண்டு மணிக்குப் பழைய பெட்டி, சாயங்காலம் ஐந்தரைக்குப் புது ஃபில்டர் என்று ஓடினால் வென்றது ஃபில்டரா, இறங்கிய வெயிலா என்று சொல்லவும் முடியாது.

பழையது, புதியது, மறுபடி பழையது, மறுபடி புதியது என்று ஒரே நாளில் மாற்றி மாற்றி ஓடுங்கள். டயர் காற்றும் டேங்கில் பெட்ரோலும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மணி, வெளி வெப்பநிலை, இன்டேக் வெப்பநிலை, 60 அடி நேரம், கடைசி வேகம் ஆகியவற்றை சீட்டின் பின்பக்கத்திலேயே அப்போதே எழுதிவிடுங்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் எந்தச் சீட்டு எந்தக் குழாய்க்கு என்பது மறந்துவிடும்.