கருநீலச் சட்டை வாங்கிக் கொடுத்த கொட்டு

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் எட்டுத் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். அழுக்குத் தெரியாதே என்று முதலில் கருநீலத்தில் கவச உடை தைத்தேன். மூடியைத் திறந்ததுமே நெஞ்சிலும் தோளிலும் அப்பிக்கொண்டன; கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே ஏழு கொட்டு. அடர்நிறம் என்றாலே தேனீக்கு எதிரிதான். சிவப்பும் அதற்குக் கறுப்பாகத்தான் தெரியும்.

சரி என்று வெள்ளைப் பருத்திக்கு மாறினேன். மொய்ப்பது குறைந்தது, மார்ச் வெயிலும் அவ்வளவாக உறைக்கவில்லை. ஆனால் முகவலையையும் வெள்ளையாகப் போட்டது மடத்தனம். வெயில் பட்டு வலை பளபளக்க, அடையில் இருந்த முட்டையே கண்ணுக்குத் தெரியவில்லை. அப்புறம் முகத்துக்கு நேரே மட்டும் கறுப்பு வலை வைத்துத் தைத்தேன். இப்போது அரிசிக்குருணை போன்ற முட்டைகூடத் தெரிகிறது. வெள்ளைத் துணியில் தேனீயின் மஞ்சள் எச்சம் விழுந்து, வீட்டில் வாங்கும் திட்டு தனிக் கதை.