கம்மி பட்ஜெட்ல நாலஞ்சு விஎம் ஓட்ட பிசி கட்டுறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவுல, கம்ப்யூட்டர் கடைங்க இருக்கற அந்த மால்ல, மாடி மாடியா ஏறி இறங்குற நம்ம பசங்க கேக்குறது அநேகமா இதுதான்: அண்ணே, ஆயிரத்து ஐநூறு வெள்ளி (ரிங்கிட்) கையில இருக்கு, நாலஞ்சு விர்ச்சுவல் மெஷின் ஒரே நேரத்துல ஓடணும், என்ன வாங்கலாம்? விர்ச்சுவல் மெஷின், சுருக்கமா விஎம்னா, ஒரே பிசிக்குள்ள சாஃப்ட்வேராலயே ஓடுற தனித்தனி கம்ப்யூட்டருங்க. பாலிடெக்னிக்ல நெட்வொர்க்கிங் படிக்கிற பிள்ளைங்க, பினாங்கு பயான் லெப்பாஸ் பக்கம் ஃபேக்டரில ஐடி சப்போர்ட் பாத்துக்கிட்டே சர்வர் வேலைக்கு மாறணும்னு ராத்திரில வீட்டுலயே விஎம் லேப் போட்டு பழகுறவங்க, இவங்களுக்கெல்லாம் இந்த மெஷின் அடுத்த சம்பளத்துக்கு ஏறுற படி. அந்தக் காசு வீணாப் போகக்கூடாது, அதனாலதான் கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

எல்லா தப்புக்கும் மூலம் ஒண்ணுதான், என்னென்ன விஎம் ஓட்டப்போறோம்னு எழுதிப் பாக்காம கடைக்குப் போறது. முதல்ல ஒரு பேப்பர் எடுங்க. விண்டோஸ் சர்வர் ஒண்ணு, அதுக்கு 4 ஜிபி ரேம். அதுல ஜாயின் பண்ண விண்டோஸ் 11 ஒண்ணு, மைக்ரோசாஃப்ட் சொல்ற மினிமம் 4 ஜிபி, ஆனா நிம்மதியா ஓட 6 வேணும். டெஸ்க்டாப் இல்லாத உபுண்டு சர்வர் ரெண்டு, ஆளுக்கு 2. ஃபயர்வாலுக்கு 1. கூட்டுனா 15 ஜிபி ஆச்சு, இன்னும் ஹோஸ்ட்டுக்கு, அதாவது விஎம்முங்கள தாங்கற நிஜ மெஷினுக்கு, ஒண்ணுமே ஒதுக்கல, விண்டோஸ் மேலயே விர்ச்சுவல் பாக்ஸ்ங்கற விஎம் ஓட்டுற சாஃப்ட்வேர் போட்டு ஓட்டுறீங்கன்னா அதுக்கு இன்னொரு 4, 6 ஜிபி போயிடும். அப்போ 16 ஜிபி பிசி வாங்குனவங்களுக்கு முதல் நாளே பத்தாது, இந்த வேலைக்கு 32 ஜிபிலதான் கணக்கே ஆரம்பிக்குது.

ஏன் ரேமையே இவ்ளோ பேசுறேன்னா, சிபியூவ விஎம்முங்க பகிர்ந்துக்கும், ரேம அப்படி பகிர முடியாது. லேப்ல இருக்கற விஎம் முக்கால்வாசி நேரம் சும்மாதான் நிக்கும், அதனால 6 கோர் சிபியூவுல அஞ்சு விஎம்முக்கு ஆளுக்கு ரெண்டு கோர்னு கொடுத்தாலும் தாராளமா ஓடும். ரேம் நிரம்பிடுச்சுன்னா ஹோஸ்ட் ரேம்ல இருக்கறத டிஸ்க்குக்கு மாத்தி மாத்தி வெச்சு ஸ்வாப் பண்ண ஆரம்பிக்கும், அப்புறம் ஒரு விஎம் மட்டுமில்ல, எல்லாமே ஒண்ணா தவழும். ஒரு விஎம் சும்மா வெச்சிருக்கற ரேம திரும்ப வாங்கிக்கற பலூனிங் மாதிரி வித்தையெல்லாம் இருக்கு, அத நம்பி பட்ஜெட் போடாதீங்க. அதனால எட்டு கோர், பத்து கோர்னு சிபியூவுல காச கொட்டிட்டு ரேம பிறகு பாத்துக்கலாம்னு விடுறதுதான் இருக்குறதுலயே பெரிய தப்புன்னு நான் சொல்வேன். 2025 கடைசில இருந்து ஏஐ டேட்டா சென்டருங்க மெமரிய அள்ளிக்கிட்டுப் போறதால ரேம் வேற விலை ஏறிப்போச்சு, "பிறகு" வாங்குறது இப்ப வாங்குறத விட மலிவா இருக்கும்னு நினைக்காதீங்க.

ரேம் வாங்குறப்பவும் கவனம் வேணும். ரெண்டே ஸ்லாட் இருக்கற போர்டுல 8, 8ன்னு ரெண்டையும் நிரப்பிட்டா நாளைக்கு 32 ஆக்க ரெண்டையும் கழட்டி விக்கணும். காசு இல்லன்னா ஒரே 16 ஸ்டிக் போடுங்க, சிங்கிள் சேனல்ல கொஞ்சம் ஸ்பீடு கொறையும், விஎம் லேப்புக்கு அது பெரிய நஷ்டமே இல்ல. ஆன்லைன்ல சர்வர் ரேம் மலிவா கெடைக்குதுன்னு பாஞ்சு வாங்காதீங்க, சர்வருக்குன்னே செய்யற ரெஜிஸ்டர்டு ரேம் சாதாரண டெஸ்க்டாப் போர்டுல ஓடவே ஓடாது. குட்டி மைக்ரோ பிசிங்களுக்கு வேணுங்கறது லேப்டாப் சைஸ் ரேம், அதையும் பாத்துக்கங்க.

சிபியூ பக்கம் சுருக்கமா சொல்லிடுறேன். பேருக்குப் பின்னாடி எஃப் போட்ட இன்டெல் சிப்புல டிஸ்ப்ளே, அதாவது மானிட்டருக்குப் படம் அனுப்புற கிராஃபிக்ஸ், உள்ள கிடையாது, ரைசன் 5 5600லயும் கிடையாது, 5600ஜில இருக்கு. மலிவா இருக்கேன்னு டிஸ்ப்ளே இல்லாதத எடுத்துட்டு அப்புறம் அதுக்குன்னே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்குறது வெட்டிச் செலவு, விஎம் லேப்புக்கு தனி கார்டு தேவையே இல்ல. புதுசா கட்டுறதுன்னா ஐ5 12400 ஒரு நல்ல நடுத்தர சாய்ஸ், 6 கோர் 12 த்ரெட்.

பழைய ஜியான் (இன்டெல்லோட சர்வர் சிப்பு) மேல ஆசப்படுறவங்களும் இருக்காங்க. இ5-2670 வி3ல 12 கோர் 24 த்ரெட்டு, பாத்தா மயக்கம்தான் வரும், ஆனா அது 2014ல வந்த 120 வாட் சிப்பு, அதுக்கு விக்கிற பேர் தெரியாத போர்டுல பயாஸ் (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் எங்க கெடைக்கும்னே தெரியாது. இன்னொரு மெஷின விட இது 60 வாட் கூட இழுக்குதுன்னு வெச்சாலும், நாள் பூரா ஓடுனா மாசத்துக்கு 43 யூனிட் கரண்டு எக்ஸ்ட்ரா. அந்த சூடு உங்க ரூம்லயேதான் இருக்கும், நம்ம ஊர் வெயிலுக்கு அப்புறம் ஏர்கோன் வேற போடணும்.

என் கருத்தக் கேட்டா, இந்த பட்ஜெட்டுக்கு ஆஃபீஸ்ல இருந்து வர்ற செகண்ட் ஹேண்ட் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலிட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மாதிரி மெஷின்தான் சரி. 2025 அக்டோபர் 14ல விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சதுல கம்பெனிங்க பழசையெல்லாம் தள்ளிவிடுது. இதுல ஒரு பொறி இருக்கு: ஏழாவது ஜெனரேஷன் ஐ5 7500 ரொம்ப மலிவா தெரியும், ஆனா அது வெறும் 4 கோர் 4 த்ரெட், அதுக்குப் பதிலா எட்டாவது ஜெனரேஷன் ஐ5 8500 எடுங்க, 6 கோரு, அதுக்குக் கீழ போகாதீங்க. ஒல்லி கேசுல பவர் சப்ளை ஸ்பெஷல் சைஸ்ல இருக்கும், கெட்டா எந்தக் கடையிலயும் உடனே மாத்த முடியாது, டிஸ்க் கூட்டவும் இடம் கம்மி. டவர் கெடைச்சா டவரே எடுங்க.

ஹார்டு டிஸ்க்குல விஎம் போடுறத தயவுசெஞ்சு விட்ருங்க. அஞ்சு விஎம் ஒரே நேரத்துல பூட் ஆகி ஆளாளுக்கு அப்டேட் தேடுனா அந்த ஊசி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடியே களைச்சிடும். பேக்கப் வெக்க மட்டும் அத வெச்சுக்கங்க. விண்டோஸ் 11 ஒண்ணே மினிமம் 64 ஜிபி கேக்குது, அதோட இன்ஸ்டால் பண்ற ஐஎஸ்ஓ ஃபைல், விஎம்மோட அந்த நேரத்து நிலைய சேத்து வெக்கற ஸ்னாப்ஷாட்டெல்லாம் சேந்தா 256 எஸ்எஸ்டி சீக்கிரம் முட்டிடும், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி பாருங்க. எழுத எழுத மட்டும் இடம் எடுக்குற தின் டிஸ்க்னு போட்டு இருக்கற இடத்த விட அதிகமா பங்கு கொடுத்து வெச்சிருப்பீங்க, ஹோஸ்ட் டிஸ்க் முட்டுன அன்னைக்கு விஎம்முங்க வரிசையா நின்னுடும். அப்புறம், ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது, அதே டிஸ்க்குலதானே இருக்கு, டிஸ்க் போனா ரெண்டும் சேந்தே போகும்.

மெஷின் நல்லாவே இருந்தும் ஸ்லோன்னு திட்டு வாங்குறது செட்டிங்னாலதான். விஎம் ஓட்ட சிபியூவுலயே ஒரு வசதி இருக்கு, இன்டெல்ல விடி-எக்ஸ், ஏஎம்டில எஸ்விஎம், இது பயாஸ்ல ஆஃப்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. விர்ச்சுவல் பாக்ஸ் விண்டோ கீழ பச்சை ஆமை படம் தெரிஞ்சா, விண்டோஸோட சொந்த விஎம் சாஃப்ட்வேர் ஹைப்பர்-வி அடியில குந்திக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், விண்டோஸ் செக்யூரிட்டில இருக்கற மெமரி இன்டக்ரிட்டி ஆன்ல இருந்தாலும் இது வரும். விண்டோஸ் ஹோம்ல ஹைப்பர்-வி மேனேஜர் கெடையாது, அதுக்காக புரோ லைசென்ஸ் வாங்க ஓடாதீங்க, அதே மாதிரி விஎம் ஓட்டுற விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர்ல இருந்து எல்லாருக்கும் ஃப்ரீ. பிசிய லேப்புக்குன்னே ஒதுக்க முடிஞ்சா விண்டோஸ் இல்லாமலே விஎம் ஓட்டுற பிராக்ஸ்மாக்ஸ் நேரடியா போடுங்க, விண்டோஸ் ஹோஸ்ட் தின்ற ரேம் மிச்சம். விஎம்வேரோட அதே மாதிரி இஎஸ்எக்ஸ்ஐதான் வேணும்னா முன்னாடியே தெரிஞ்சுக்கங்க, பட்ஜெட் போர்டுங்கள்ல பெரும்பாலும் இருக்கற ரியல்டெக் நெட்வொர்க் கார்ட அது அப்படியே ஏத்துக்காது, இன்டெல் கார்டு ஒண்ணு தனியா போடுறதுதான் நிம்மதி. ஒவ்வொரு விஎம்முக்கும் இருக்கற கோர் எல்லாத்தயும் தூக்கிக் கொடுத்தா வேகம் கூடாது, ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு நிக்கும், ரெண்டுல ஆரம்பிச்சு தேவைப்பட்டா ஏத்துங்க.

பவர் சப்ளையில மிச்சம் பிடிக்காதீங்க. கிள்ளான் பள்ளத்தாக்குல சாயங்காலம் இடி மின்னல் வந்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும், சர்ஜ் ப்ரொடெக்டர் இருந்தாலும் மோடத்துல இருந்து வர்ற லேன் கேபிள் வழியா ஏறி போர்ட அடிச்சிடும், பலமா இடிக்கும்போது அந்த வயரையும் கழட்டுங்க. டேட்டாபேஸ் விஎம் எழுதிக்கிட்டு இருக்கறப்ப கரண்டு ட்ரிப் ஆனா ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு, சின்ன யுபிஎஸ் ஒண்ணு இருந்தா விஎம்ம ஒழுங்கா ஷட்டவுன் பண்ண நேரம் கெடைக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறப்ப காச கொடுக்குறதுக்கு முன்னாடி கடையிலயே ஆன் பண்ணச் சொல்லி டாஸ்க் மேனேஜர் திறங்க, பெர்ஃபார்மன்ஸ்ல சிபியூ பக்கத்துல விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டுன்னு இருக்கான்னு பாருங்க, மெமரி பக்கத்துல எத்தன ஸ்லாட்டு, எத்தன காலின்னும் காட்டும். எஸ்எஸ்டி ஹெல்த் எத்தன பர்சன்ட்னு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, வாரண்டி எத்தன மாசம்னு ரசீதுலயே எழுதி வாங்கிக்கங்க.