123,456,789ஐக் காரணிப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை உவர்மலையில் மாலை நேரக் கணித வகுப்பு நடத்துகிறேன். சாதாரண தர மாணவர்களுக்கு ஆண்டுதோறும் 123,456,789 என்ற எண்ணைக் கொடுத்து, அதன் முதன்மைக் காரணிகளைக் காணச் சொல்வேன். பெரிய எண்ணில் வழக்கமாக நேரும் தவறுகள் பலவும் இந்த ஓர் எண்ணிலேயே வெளிப்பட்டுவிடும்.

வாசிப்பதிலேயே சிலர் தடுமாறுகிறார்கள். பாடசாலையில் மில்லியன், வீட்டில் கோடி. பத்து மில்லியன்தான் ஒரு கோடி. ஆகவே இது 123 கோடி அன்று, பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு இலட்சத்துச் சொச்சம்.

இலக்கங்களைக் கூட்டினால் 45. ஆகவே 9ஆல் வகுபடும். அதோடு நிற்காமல் 45ஆலும் வகுபடும் என்று எழுதிவிடுகிறார்கள். கடைசி இலக்கம் 9 ஆக இருக்கும் எண் 5ஆல் எப்படி வகுபடும்? இலக்கக் கூட்டுத்தொகையை 3க்கும் 9க்கும் மட்டும் நம்புங்கள்.

9ஆல் வகுத்தால் 13,717,421 வரும். பெருந்தவறு இங்கேதான் நடக்கிறது. போன கிழமை ஒரு மாணவி 7, 11, 13 என்று தொடங்கி 97 வரை ஒவ்வொன்றாக வகுத்து, மீதிகளைக் கொப்பியின் ஓரத்தில் வரிசையாகக் குறித்து, அடியில் இரட்டைக் கோடு போட்டு "முதன்மை எண்" என்று எழுதியிருந்தாள். "சேர், இதற்கு மேல் இது உடையாது" என்றாள். உழைப்பில் ஒரு குறையும் இல்லை. நிறுத்திய இடம்தான் பிழை. ஓர் எண் உடையுமானால், அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத ஒரு முதன்மைக் காரணியாவது இருக்கும்; ஆகவே வர்க்கமூலம் வரை தேட வேண்டும். 97 வரையான சோதனை ஏறத்தாழ பத்தாயிரம் வரையுள்ள எண்களுக்கே போதும். 13,717,421இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3703.7. ஆகவே 3703 வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும், அவை ஐந்நூறுக்கும் அதிகம். வகுக்கத் தொடங்குமுன் இந்த எல்லையைக் கொப்பியின் தலைப்பில் எழுதிவையுங்கள்.

ஐந்நூறு தடவை வகுப்பதா என்று மலைக்க வேண்டாம். கீழிருந்து மட்டுமே தேட வேண்டும் என்று நினைப்பதும் ஒரு தவறுதான். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா காட்டிய வழி வர்க்கமூலத்தின் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. 3704இன் வர்க்கத்திலிருந்து நமது எண்ணைக் கழித்தால் 2195. அது நிறைவர்க்கம் அன்று. அடுத்து 3705: அதன் வர்க்கம் 13,727,025. கழித்தால் 9604, அதாவது 98இன் வர்க்கம்! இரு வர்க்கங்களின் வித்தியாசத்தைக் காரணிப்படுத்தத் தெரியும் அல்லவா? 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. இரண்டும் முதன்மை எண்கள். இரண்டாவது படியிலேயே எண் உடைந்துவிட்டது. கரும்பலகையில் அந்த 9604ஐ எழுதும்போது எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது. காரணிகள் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால்தான் இவ்வளவு விரைவாக விடை கிடைக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

எனவே 123,456,789 = 3² × 3607 × 3803. மொத்தக் காரணிகளை எண்ணும்போது அடுக்குகளை அப்படியே கூட்டி 4 என்பார்கள். ஒவ்வோர் அடுக்குடனும் 1ஐக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 3 × 2 × 2 = 12.

கடைசியாகக் கணிகருவி. 987,654,321ஐ இந்த எண்ணால் வகுத்து, இரண்டு தசமதானங்களுக்கு மட்டந்தட்டினால் 8.00 வரும். உடனே "மீதியின்றி வகுபடும்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கையால் பெருக்கிப் பாருங்கள்: எட்டு மடங்கு 987,654,312. மீதி 9. மட்டந்தட்டியதில் தொலைந்த அந்த 9தான் இவ்விரு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியது.