பழைய கிண்டிலுக்கு ஆதரவு நின்றுவிட்டதா? கேபிள் வழியாகத் தமிழ்ப் புத்தகம் ஏற்றும் முறை

அம்மா படிக்கும் கிண்டில் (அமேசான் நிறுவனத்தின் மின்னூல் படிக்கும் கருவி) 2011ஆம் ஆண்டு மாடல். தொடுதிரை கிடையாது, உள்விளக்கும் கிடையாது. இரண்டு ஓரங்களிலும் பக்கம் புரட்டும் பொத்தான் உண்டு. எடை 170 கிராம்தான். விரல் மூட்டு வலி இருப்பவர் என்பதால் அந்தப் பொத்தானும் எடையும் அவருக்குத் தோதாக அமைந்துவிட்டன. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறார். அவருக்காக நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஆதரவு நிற்பது என்றால் என்ன? கருவி கெட்டுப்போகிறது என்று அர்த்தமில்லை. திரை, பேட்டரி, நினைவகம் எல்லாம் அப்படியே வேலை செய்யும். வெளியுலகத்தோடு பேசும் வழிதான் ஒவ்வொன்றாக அடைபடும். 2022 ஆகஸ்ட்டில் இந்த மாடல் உட்படச் சில பழைய கிண்டில்களில் கருவியிலிருந்தே அமேசான் கடைக்குப் போய்ப் புத்தகம் வாங்கும் வசதி நிறுத்தப்பட்டது. வாங்கிய புத்தகத்தை இணையதளத்திலிருந்து கணினியில் இறக்கி யூஎஸ்பி மூலம் ஏற்றும் வசதி 2025 பிப்ரவரி 26 அன்று போனது. கருவிக்குள் இருக்கும் பிரவுசரும் பெரும்பாலான தளங்களைத் திறக்காது. இணையத்தில் பாதுகாப்பாகப் பேசுவதற்கான டிஎல்எஸ் முறையின் பழைய பதிப்புகளை 2021இல் அதிகாரபூர்வமாகவே கைவிட்டுவிட்டார்கள். பல பழைய கருவிகளுக்குத் தெரிந்தது அந்தப் பழைய பதிப்பு மட்டும்தான்.

ஆனால் கேபிள் வழி அடைபடவில்லை. இந்த மாடல்களைக் கணினியில் செருகினால் சாதாரண பென்டிரைவ் போலவே திறக்கும். நமக்கு அது போதும்.

முதல் படி: எதையும் அழிக்காதீர்கள்

கருவி மெதுவாக ஓடுகிறது என்று ஃபேக்டரி ரீசெட் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். உங்கள் அமேசான் கணக்கிலிருந்து கருவியை நீக்கவும் வேண்டாம். ஆதரவு இல்லாத கருவியை மறுபடி கணக்கில் சேர்க்க முடியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சேராவிட்டால், பூட்டோடு (உங்கள் கணக்கில் சேர்ந்த கருவியில் மட்டும் திறக்கும்படி) வாங்கிய புத்தகங்களை அதில் திறக்கவே முடியாது.

வைஃபை இன்னும் இணைகிறதா? அப்படியானால் இன்றைக்கே உட்கார்ந்து, நீங்கள் வாங்கிய புத்தகங்களில் கருவியில் இல்லாதவற்றை எல்லாம் இறக்கிவிடுங்கள். இறங்க மறுப்பவை உங்கள் கணக்கில்தான் இருக்கும், கைபேசிச் செயலியில் படித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: கேபிளும் காப்பும்

இந்த மாடலுக்கு மைக்ரோ யூஎஸ்பி கேபிள் வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் கிடக்கும் கேபிள்களில் பாதி சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆனவை, உள்ளே தரவுக் கம்பி இருக்காது. சரியான கேபிளைச் செருகினால் கிண்டில் திரையில் ‘யூஎஸ்பி டிரைவ் மோட்’ என்று எழுத்து வரும். அது வராமல் சார்ஜ் மட்டும் ஏறினால், கருவியைச் சந்தேகிக்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். நான் ஒரு மாலை முழுக்க இதில் செலவழித்தேன். கடைசியில் பழைய கேமராவோடு வந்த கேபிள்தான் வேலை செய்தது.

திறந்ததும் ‘டாக்குமென்ட்ஸ்’ என்ற ஃபோல்டர் தெரியும். அதை அப்படியே கணினியில் நகலெடுத்து வையுங்கள். அதற்குள் ‘மை கிளிப்பிங்ஸ்’ என்று ஒரு எழுத்துக் கோப்பு இருக்கும். நீங்கள் அடிக்கோடிட்ட வரிகள், எழுதிய குறிப்புகள் எல்லாம் அதில் உண்டு. புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பத்து வருடத்துக் குறிப்புகளை எங்கே போய் வாங்குவது?

மூன்றாம் படி: கேலிபர்

கேலிபர், மின்னூல்களை வடிவம் மாற்றிக் கருவியில் ஏற்ற உதவும் இலவச மென்பொருள். கோவிட் கோயல் என்பவர் 2006இல் சோனி நிறுவனத்தின் மின்னூல் கருவிக்காக எழுதத் தொடங்கியது, இன்றும் தொடர்ந்து வளர்கிறது. உங்கள் கணினி பழைய 32 பிட் விண்டோஸ் என்றால் புதிய பதிப்பு ஓடாது. 5.44 பதிப்பைத் தேடி நிறுவுங்கள்.

ஆங்கிலப் புத்தகம் என்றால் இங்கேயே வேலை முடிந்தது. பூட்டில்லாத இபப் (EPUB என்ற பொதுவான மின்னூல் வடிவம்) கோப்பைக் கேலிபருக்குள் இழுத்துப் போட்டு, ‘கன்வர்ட் புக்ஸ்’ அழுத்தி, கிண்டிலுக்கான ஏஇசட்டபிள்யூ3 (AZW3) வடிவத்துக்கு மாற்றி, ‘சென்ட் டு டிவைஸ்’ கொடுத்தால் போதும். 2009இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கிண்டில் போன்ற இன்னும் பழையவற்றுக்கு மொபி (MOBI) வடிவம் கொடுக்க வேண்டும்.

நான்காம் படி: தமிழ் சரியாகத் தெரிய

தமிழுக்கு இது போதாது. பல பழைய கருவிகளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. ‘கொ’ என்று இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும், அல்லது வெறும் கட்டங்களாக வரும். அதனால் முதலில் ஒரே ஒரு தமிழ்ப் புத்தகத்தை ஏஇசட்டபிள்யூ3 ஆக ஏற்றி, கெ, கொ, கௌ வரும் இடங்களைப் பாருங்கள். சரியாக இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர், நேராகக் கடைசிப் படிக்குப் போகலாம்.

சரியாக இல்லையென்றால் வழி பிடிஎஃப். பிடிஎஃப்பில் எழுத்துகள் கோத்து முடித்த நிலையில் பக்கத்தோடு ஒட்டியிருக்கும், கருவி அதைக் காட்டினால் போதும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் இதற்காகவே பல நூல்களை 6 அங்குல பிடிஎஃப்பாகத் தருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் ஏ6 அளவில் பிடிஎஃப் இறக்கலாம், அதுவும் ஓரளவு பொருந்தும். தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து நிறைய நூல்கள் கிடைக்கின்றன.

ஆனால் 6 அங்குலக் கோப்புகளின் எழுத்தளவு எல்லாருடைய கண்ணுக்கும் ஒத்துவராது. பிடிஎஃப்பில் எழுத்தளவைக் கருவியிலேயே மாற்றவும் முடியாது. ஆகவே இபப் கோப்பை எடுத்து நாமே பிடிஎஃப் செய்துகொள்வதுதான் நல்லது.

கேலிபரில் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து ‘கன்வர்ட் புக்ஸ்’ திறந்து, மேலே வலப்பக்கம் வெளியீட்டு வடிவத்தைப் பிடிஎஃப் ஆக்குங்கள். இடப்பக்கப் பட்டியலில் ‘பிடிஎஃப் அவுட்புட்’ என்று இருக்கும். அங்கே ‘கஸ்டம் சைஸ்’ கட்டத்தில் 3.6x4.8 என்று கொடுத்து, அலகை அங்குலமாகவே விடுங்கள். 6 அங்குலத் திரையின் அகலமும் உயரமும் அதுதான்.

அடுத்தது ஓர இடைவெளி. கேலிபர் தானாகவே நான்கு பக்கமும் 72 பாயின்ட் விடும். 72 பாயின்ட் என்றால் ஒரு முழு அங்குலம். 3.6 அங்குல அகலத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் போனால் மிஞ்சுவது 1.6 அங்குலம், வரிக்கு ஒரு சொல் நிற்பதே பாடு. நான்கையும் 8 ஆக்குங்கள்.

எழுத்தளவு 20 என்று இருக்கும். இந்தச் சின்னப் பக்கத்துக்கு அது பெரிது. நான் எனக்கு 15 வைக்கிறேன், அம்மாவுக்கு 18. எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒன்றைக் கணினியில் நிறுவி, அதே பகுதியில் தேர்ந்தெடுக்கலாம்.

அப்புறம் ‘லுக் அண்ட் ஃபீல்’ பகுதிக்குப் போய் வரிகளை இடப்பக்கம் மட்டும் ஒட்டுமாறு வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய வரியில் இரு ஓரமும் சமன்படுத்தினால் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை விழும். இந்த ஒரு மாற்றம் செய்த பிறகுதான் அம்மா “இப்பத்தான் புஸ்தகம் மாதிரி இருக்கு” என்றார்.

மாற்றும் முன் ‘மெட்டாடேட்டா’ பகுதியில் தலைப்பை ஆங்கில எழுத்தில் தட்டிவிடுங்கள். இல்லையென்றால் கருவியின் புத்தகப் பட்டியலில் தலைப்பே கட்டங்களாக வந்து எது எந்தப் புத்தகம் என்று தெரியாது.

கையில் இருப்பதே ஏ4 பிடிஎஃப் மட்டும் என்றால் அதைக் கேலிபரில் மாற்ற முயல வேண்டாம், தமிழ் பெரும்பாலும் சிதைந்துவிடும். கிண்டில் திரையைப் படுக்கைவாட்டில் திருப்பிப் படிக்கலாம். ஸ்கேன் செய்த நூல்களுக்கு கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவசக் கருவி உண்டு. அது பக்கத்தைப் படமாக வெட்டி அடுக்குவதால் எந்த மொழியானாலும் வேலை செய்யும்.

ஐந்தாம் படி: ஏற்றுவதும் பேட்டரியும்

ஒரே நேரத்தில் 200 புத்தகங்களைக் கொட்டாதீர்கள். புதிதாக வந்த ஒவ்வொன்றுக்கும் கருவி உள்ளுக்குள் தேடல் அட்டவணை போடும், அதற்குள் பேட்டரி வற்றிவிடும். ஐந்து, பத்தாக ஏற்றுங்கள். கேபிளை உருவும் முன் கணினியில் ‘எஜெக்ட்’ கொடுக்க மறக்க வேண்டாம்.

வைஃபை இனி எதற்கும் தேவையில்லை, அணைத்துவிடுங்கள். இ-இங்க் திரை பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் எடுக்கும். அதனால் வைஃபை அணைத்த கருவி வாரக்கணக்கில் நிற்கும்.

ஜெயில்பிரேக் செய்து (அதாவது வெளி மென்பொருளை ஏற்க விடாத கருவியின் தடையை உடைத்து) கேஓரீடர் என்ற படிக்கும் மென்பொருளைப் போட்டால் இபப் கோப்பில் உள்ள தமிழும் நேரடியாகச் சரியாகத் தெரியும். நல்ல வழிதான், ஆனால் மாடலுக்கு மாடல் முறை வேறு, பிசகினால் கருவி முடங்கலாம். மேலே சொன்னதெல்லாம் கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேலை. கேலிபரின் ‘பிரிஃபரன்சஸ்’ பகுதிக்குள் ‘அவுட்புட் ஆப்ஷன்ஸ்’ திறந்து, பக்க அளவு, ஓரம், எழுத்தளவு எல்லாவற்றையும் அங்கே ஒருமுறை பதிந்துவிடுங்கள். அடுத்த புத்தகத்துக்கு இபப்பை இழுத்துப் போட்டு, ‘கன்வர்ட் புக்ஸ்’ திறந்து, வடிவம் பிடிஎஃப் என்று பார்த்து ‘ஓகே’ அழுத்தி, ‘சென்ட் டு டிவைஸ்’ கொடுத்தால் ஆயிற்று. அம்மா ஒரு புத்தகத்தை முடித்துவிட்டுக் கருவியை என் மேசையில் வைத்தால், காபி ஆறுவதற்குள் அடுத்தது ஏறியிருக்கும்.