சிட்டி கோல்ஃபுக்கு ஆயில் கூலர் ஹோஸ் நாமே செய்து மாட்டுவது

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம், ஜனவரிக் கோடை வெயிலில் பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டுச் சாலையில் ஏறிப் பாருங்கள், பழைய இஞ்சினில் ஆயில் எந்தச் சூட்டுக்குப் போகும் என்று தெரியும். நான் வைத்திருப்பது சிட்டி கோல்ஃப், ஃபோக்ஸ்வாகனின் பழைய சிறிய கார். யூட்டன்ஹேக் ஆலையில் அதன் தயாரிப்பை 2009ல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இன்னும் தெருவுக்கு ஒன்று நிற்கிறது. சூட்டைத் தணிக்க ஆயில் கூலர் வைக்கலாம், அது ஆயிலுக்கான சிறு ரேடியேட்டர். இஞ்சினுக்கும் அதற்கும் நடுவே ஆயில் ஓடும் ஹோஸைக் கடையில் கொடுத்துச் செய்யலாம்தான். ஆனால் ஒரு சனிக்கிழமையும் நல்ல வைஸும் இருந்தால் நாமே முடித்துவிடலாம்.

வாங்கும்போதே குழம்பக்கூடிய விஷயம் அளவு. ஹோஸையும் பிட்டிங்கையும், அதாவது ஹோஸ் முனையில் மாட்டும் இணைப்பையும், ஏஎன் என்ற அளவு முறையில் விற்பார்கள். ஏஎன் 10 என்றால் ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்து அதில் பத்து, அதாவது 5/8 அங்குலக் குழாய். தெரு வண்டிக்கு அதுவே போதும். ஆயிலைக் கூலருக்குத் திருப்பிவிட ஃபில்டருக்கு அடியில் வைக்கும் சாண்ட்விச் பிளேட்டை 80 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் ஜூலைக் குளிர்காலக் காலையில் ஆயில் சூடாகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கோல்ஃபின் எட்டு வால்வு இஞ்சினில் ஃபில்டர் திருகு இழை 3/4-16, அதாவது 3/4 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 இழை.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. ஏஎன் 10 இழை 7/8-14, சில கூலர்களில் வரும் பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் அளவு) 5/8 இழையும் அங்குலத்துக்கு 14. ஆனால் ஏஎன் இழையின் விட்டம் 22.2 மில்லிமீட்டர், பிஎஸ்பியுடையது 22.9. இழைக் கோணமும் வேறு, 60 டிகிரியும் 55 டிகிரியும். ஏஎன் பிட்டிங்கை பிஎஸ்பி துளையில் விட்டால் லொடலொடவென்று உள்ளே போய்விடும், சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். கடைக்குப் போகும்போது கூலரைக் கையோடு எடுத்துப் போங்கள், வெர்னியர் இருந்தால் அதையும். அப்புறம் ஹோஸ் உள்ளே ரப்பரா டெஃப்லானா என்று கேட்டுவிடுங்கள், இரண்டுக்கும் பிட்டிங் வேறு வேறு. ஸ்டீல் பின்னல் பளபளப்பாக இருக்கும், பக்கத்தில் எது உரசினாலும் அரம் மாதிரி அறுத்துவிடும். எனக்குக் கருப்பு நைலான் பின்னல்தான் பிடிக்கும்.

நீளத்துக்கு டேப்பை நம்பாதீர்கள். தோட்டத்துத் தண்ணீர் ஹோஸ் ஒரு துண்டை வளைத்து வைத்துப் பாருங்கள். இஞ்சின் ஆடும், அதற்கும் கொஞ்சம் தளர்வு விடுங்கள். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இறுக்கமாகச் சுற்றி, அதன் நடுவிலேயே நுண்பல் ஹேக்சாவால் நேராக அறுங்கள். பின்னல் பிரிந்தால் சாக்கெட்டுக்குள், அதாவது ஹோஸ் நுழையும் பிட்டிங்கின் வெளிப்பாகத்துக்குள், போகாது. ரப்பர் துகள் உள்ளே ஒன்றும் நிற்கக்கூடாது, காற்றடித்து ஊதுங்கள்.

சாக்கெட்டை வைஸில் பிடியுங்கள், தாடைக்கு அலுமினியத் தகடு போட்டுத்தான், இல்லையென்றால் அனோடைஸ் பூச்சு போய்விடும். ஹோஸைத் திருகிக்கொண்டே தள்ளுங்கள், சாக்கெட்டுக்குள் இழை தொடங்கும் இடம் வரை. சரி, இப்போது சாக்கெட்டின் விளிம்பை ஒட்டி ஹோஸில் டேப் ஒரு சுற்று. இதை விட்டுவிடாதீர்கள். ஹோஸின் துளைக்குள் ஏறும் பிட்டிங்கின் மறுபாதிதான் நிப்பிள். அதற்கும் இழைக்கும் இஞ்சின் ஆயில் தடவி, முதல் இரண்டு மூன்று சுற்றுகளைக் கையால் போட்டு, அப்புறம் ஸ்பேனரால் இறுக்குங்கள். நட்டுக்கும் சாக்கெட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி நிற்கலாம். நிப்பிள் உள்ளே ஏறும்போது ஹோஸைப் பின்னால் தள்ளும், டேப்புக்கும் விளிம்புக்கும் இடைவெளி விழுந்திருந்தால் ஹோஸ் வெளியேறிவிட்டது என்று அர்த்தம். கழற்றுங்கள், மறுபடி தொடங்குங்கள். என்னுடைய முதல் ஹோஸுக்கு நான் டேப் ஒட்டவில்லை. பார்வைக்கு அருமையாக இருந்தது. ஃபீல்ட்ஸ் ஹில் பாதியில் கழன்று, ஆயில் எக்ஸாஸ்ட் மேல் கொட்டி, பின்னால் பக்கியில் (பிக்கப் வண்டியில்) வந்தவர் புகையில் என்னைப் பார்க்கவே இல்லை. ஆயில் லைட் எரிந்ததும் இஞ்சினை அணைத்ததால் பேரிங் தப்பியது.

இரண்டு முனைக்கும் வளைந்த பிட்டிங் போடுகிறீர்களா? இரண்டாவதை இறுக்குவதற்கு முன் வண்டியில் வைத்துக் கோணத்தைப் பார்த்து, ஹோஸிலும் பிட்டிங்கிலும் மார்க்கர் கோடு போட்டுக்கொள்ளுங்கள், முறுக்கிய ஹோஸ் நட்டைத் தளர்த்த முயன்றுகொண்டே இருக்கும்.

மாட்டும்போது ஏஎன் கூம்புக்கு டெஃப்லான் டேப் வேண்டாம். 37 டிகிரி உலோகம் உலோகத்தில் உட்கார்ந்து அடைக்கிறது, டேப் துணுக்கு கிளம்பினால் ஆயில் வழியில் போய் உட்காரும். கூலர் பக்கத்து நட்டை இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர், ஒன்று கூலரின் அறுகோணத்தைப் பிடிக்க, இல்லாவிட்டால் அலுமினியக் கழுத்து முறுக்கி உடையும். கூலரில் முன்னாலேயே கொஞ்சம் ஆயில் ஊற்றுங்கள், இக்னிஷன் காயிலைக் கழற்றிவிட்டு ஆயில் லைட் அணையும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், விட்டு விட்டு, ஸ்டார்ட்டர் சூடாகிவிடும். ஓடவிட்டு அணைத்தபின் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், அளவு இறங்கியிருக்கும். குளிர்ந்த இஞ்சினில்தான் அழுத்தம் அதிகம் ஏறும், அதனால் கசிவைத் தேடவேண்டியது மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டில். இரவு அடியில் ஒரு அட்டையைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.