ஏடபிள்யூஎஸ் சாவி கோப்பில் கிடக்க வேண்டாம்

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் ரகசியச் சாவியை லேப்டாப்பில் அப்படியே வெளிப்படையாக வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஏடபிள்யூஎஸ் கான்ஃபிக் கோப்பில், உங்கள் ப்ரொஃபைலுக்குக் கீழே ‘கிரெடென்ஷியல்_ப்ராசஸ்’ (credential_process) என்று ஒரு வரி சேர்த்து, சாவியை எடுத்துத் தரும் கட்டளையின் முழுப் பாதையைக் கொடுங்கள். பாஸ்வேர்ட் மேனேஜரிடம் கேட்டு வாங்கும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். அது ஜேசன் (JSON) என்ற தரவு வடிவில் அச்சிட வேண்டும்: வெர்ஷன் 1, ஆக்சஸ் கீ, சீக்ரெட் கீ. தற்காலிகச் சாவி என்றால் செஷன் டோக்கனும் காலாவதி நேரமும் கட்டாயம் வேண்டும். நேரத்தை விட்டுவிட்டால் சாவி தானாகப் புதுப்பிக்கப்படாது, நீளமான வேலை பாதியில் நின்றுவிடும்.

ஏடபிள்யூஎஸ்ஸின் கட்டளைவரிக் கருவியான சிஎல்ஐ இந்தச் சாவியைச் சேமித்து வைக்காது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஸ்கிரிப்ட் ஓடும் என்பதால் அது வேகமாக இருக்கட்டும். அப்புறம், பிழைச் செய்தியில் ரகசியம் எதையும் அச்சிடாதீர்கள், லாகில் பதிவாகிவிடலாம்.